சலவைக் கணக்கில் மூன்று நைட்டி

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய நான்கு அத்தியாயங்களையும் அப்பா தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தார். ஒரே மூச்சில் படித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது. ஆனால் 1860இல் உன் லண்டன் துப்பறிவாளர் கதவுப்பிடியில் கைரேகை எடுக்கிறாரே, அது நடக்காது. ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு வந்ததே 1901இல்தான். கல்கத்தாவில் அது 1897இலேயே தொடங்கிவிட்டது. ரேகைகளை வகைப்படுத்த மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் அசீசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். பெயர் மட்டும் மேலதிகாரி ஹென்றிக்குப் போனது. அப்புறம், மூன்றாம் அத்தியாயத்தில் துணியில் இருப்பது மனித ரத்தம்தான் என்று டாக்டர் அடித்துச் சொல்கிறார். ஆட்டு ரத்தமா மனித ரத்தமா என்று பிரித்தறியும் சோதனையும் 1901இல் வந்ததுதான்.

பிறகு அந்தக் காலத்துத் துப்பறிவாளர் கையில் என்னதான் இருந்தது என்று கேட்பாய். சலவைக் கணக்கு இருந்தது.

அதே 1860, ஜூன் கடைசி. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ரோட் ஹில் ஹவுஸ் என்ற பெரிய வீடு. நான்கு வயது நிறையாத சாவில் கென்ட் என்ற பையனை ராத்திரியில் தூக்கிப்போய்க் கழுத்தை அறுத்து, வெளியே இருந்த கழிப்பறைக் குழியில் போட்டிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜோனதன் விச்சர் வந்தார். பையனுடைய அப்பாவின் மூத்த தாரத்துப் பெண் கான்ஸ்டன்ஸுக்கு 16 வயது. அவளுடைய துணிப் பட்டியலில் மூன்று நைட்டி, அலமாரியில் இரண்டு. இன்னொன்று சலவையில் தொலைந்தது என்றாள்.

விச்சரின் கணக்கு வேறு. வேலைக்காரப் பெண் துணிகளை எண்ணி எழுதிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தபோது, கான்ஸ்டன்ஸ் வந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டாள். அவள் கீழே போய் வருவதற்குள், எழுதி முடித்த நைட்டி ஒன்றை இவள் கூடையிலிருந்து உருவிக்கொண்டாள் என்றார். நோட்டில் இருக்கும், கூடையில் இருக்காது. பழி சலவைக்காரி தலையில் விழும். ரத்தக்கறை பட்டு அவள் ஏற்கெனவே ஒழித்துவிட்ட வேறொரு நைட்டியை யாரும் தேட மாட்டார்கள்.

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அப்பாவின் பட்டு வேட்டி காணவில்லை என்று நம் சலவைக்கார அம்மாவிடம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? பீரோவுக்குப் பின்னால்தான் கிடந்தது.

விச்சர் கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார். நைட்டி கிடைக்கவில்லை, ஒரே வாரத்தில் விட்டுவிட்டார்கள். பெரிய வீட்டுப் பெண்மேல் கை வைத்தாயா என்று ஊரே அவரைத் தூற்றியது. 1864இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த வருஷமே கான்ஸ்டன்ஸ் தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். நைட்டியை எரித்துவிட்டாளாம். தூக்கு தண்டனையைக் குறைத்தார்கள். 20 வருஷம் சிறையில் இருந்தாள்.

அதனால் அந்த டாக்டரை எடுத்துவிடு. அந்தத் தண்ணீர் கிளாஸ் மாதிரி சின்னதாக ஒன்றைக் கொண்டுவா, போதும்.

முறுக்கு பார்சலில் வருகிறது. போன தடவை நீ கொண்டுபோன மூன்று எவர்சில்வர் டப்பாவில் இரண்டுதான் திரும்பி வந்திருக்கிறது. என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மா