ஹாக்கி கிட் நாறுவதற்குக் காரணம் மூடிய ஜிப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாக்கி கிட், அதாவது விளையாடும்போது மாட்டும் பேடு முதலான கவசங்களும் கிளவுஸும் ஷூவும், நாறினால் வாசனை ஸ்பிரே அடித்தால் போதும் என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த துணுக்கைப் படித்தோம். அதை நம்பிப் பல வீட்டில் இந்நேரம் ஸ்பிரே அடித்திருப்பார்கள். ஒரு நாள் மல்லிகை மணக்கும். மறுநாள் மல்லிகையும் முடைநாற்றமும் சேர்ந்து மணக்கும். கிட்டைத் துவைத்து உலர்த்துவதையே வாராவாரம் செய்கிறவர்கள் என்ற முறையில், அந்தத் துணுக்கில் விடுபட்டதை எழுதுகிறோம்.

உடம்பிலிருந்து அப்போதுதான் வடிந்த வியர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. தண்ணீர், உப்பு, கொஞ்சம் யூரியா, கொஞ்சம் லாக்டிக் அமிலம், அவ்வளவுதான். அதோடு உதிர்ந்த தோலும் எண்ணெய்ப் பசையும் பேடின் உள்துணியில் ஒட்டிக்கொள்கின்றன. தோலில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாக்கள் இவற்றைத் தின்று கழிப்பதுதான் மூக்கைத் துளைக்கிறது. பழைய சாக்ஸில் வரும் அந்தப் புளித்த வாடைக்குப் பெயர் ஐசோவலெரிக் அமிலம். ஈரமும் கதகதப்பும் சேர்ந்து கிடைத்தால் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. அந்தக் கணக்கில், விளையாடி முடித்து ஜிப்பை இழுத்து மூடிய பையில் 5 மணி நேரத்தில் ஒன்று ஆயிரத்தைத் தாண்டிவிடும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் அந்தப் பை கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே முதல் வேலை சோப்பு அல்ல, காற்று. வீடு வந்து 1 மணி நேரத்துக்குள் கிட் முழுவதும் பைக்கு வெளியே இருக்க வேண்டும். பாதிப் பேர் பையைத் திறந்து வைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடியில் கிடக்கும் கிளவுஸுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டைப் பிரித்து உள்பக்கம் வெளியே தெரிய வையுங்கள். ஷூவின் நாக்கை முழுவதும் இழுத்து, உள் அட்டையைக் கழற்றித் தனியே நிறுத்துங்கள். கிளவுஸை விரல்கள் மேலே இருக்கும்படி மாட்டுங்கள். ஒரு டேபிள் ஃபேன் இரவு முழுவதும் ஓடட்டும். உள்ளே போடும் பனியன், சாக்ஸ், டைட்ஸ் ஆகியவை அன்றன்றே துவைப்பதற்குப் போக வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் துவைக்கும் வேலை பாதியாகக் குறையும்.

துவைக்கும் முன் எது எதனால் ஆனது என்று பார்த்துக்கொள்வது நல்லது. கோல்கீப்பரின் கால் பேடும், ஷூவுக்கு மேல் மாட்டும் கிக்கரும் மூடிய அறைகள் கொண்ட கெட்டி ஃபோமால் ஆனவை. அந்த ஃபோமுக்குள் தண்ணீர் இறங்காது, வியர்வையும் இறங்காது. அவை நாறினால் குற்றவாளி பின்பக்கத் துணியும் பட்டைகளும்தான். கெட்டி ஃபோமை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பட்டைகளைக் கழற்றித் துவைக்க வேண்டும். மார்புக் கவசம், முழங்கைக் கவசம், கிளவுஸ் ஆகியவற்றின் உட்புறத்தில் இருப்பது பெரும்பாலும் திறந்த அறைகள் கொண்ட ஸ்பாஞ்ச். நாற்றத்தின் தாய்வீடு அதுதான். விரலால் அழுத்திப் பாருங்கள்: சில்லென்று ஈரம் கசிந்தால் அது குடித்துவைத்திருக்கிறது.

கையால் துவைப்பதற்குப் பெரிய டப் ஒன்று போதும். 20 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், அதாவது 30 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. அதில் 30 மி.லி. திரவ டிடர்ஜென்ட். அதற்கு மேல் ஊற்றாதீர்கள். நிறைய நுரை வந்தால் நன்றாக வெளுக்கும் என்ற நினைப்பில்தான் பாதிக் கிட் கெடுகிறது. ஸ்பாஞ்சுக்குள் தங்கிய சோப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், அழுக்கையும் ஒட்டவைக்கும். வெல்க்ரோ அனைத்தையும் மூடிவிட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் அமுக்கி அமுக்கி விடுங்கள். முதல் அமுக்கலிலேயே பழுப்பாக ஒரு நீர் வெளியேறும். அதைப் பார்த்தவர்கள் மறுபடி ஸ்பிரே டப்பாவைத் தேட மாட்டார்கள். முறுக்கிப் பிழியவே கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் ஃபோம் துண்டுகள் பெயர்ந்து ஒரு மூலையில் திரண்டுகொள்ளும். அப்புறம் அது பார்க்கத்தான் கவசம்.

அலசும் தண்ணீர் தெளிவாக வரும்வரை, குறைந்தது 3 முறை அலசுங்கள். கடைசி அலசலில் 20 லிட்டருக்கு 250 மி.லி. வெள்ளை வினிகர் சேர்த்தால் தங்கிய சோப்பும் அம்மோனியா வாடையும் போகும். வினிகரின் வாடை காய்ந்ததும் போய்விடும்.

வாஷிங் மெஷினில் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். முன்பக்கம் திறக்கும் மெஷினில் போடலாம். துணிப்பைக்குள் வைத்து, மென்மையான சுழற்சியில், 30 டிகிரியில், குறைந்த வேகத்தில் பிழிய விடுங்கள். நடுவில் தூண் நின்று சுழலும் மெஷின் பட்டைகளை முறுக்கித் தையலைப் பிய்த்துவிடும். துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம். அது இழைகள்மேல் மெழுகுபோல் படிந்து, வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் தன்மையைக் கெடுத்து, வாடையையும் பூட்டிவைக்கும். டிரையரின் சூட்டில் ஃபோம் சுருங்கி வளைந்துகொள்ளும்.

வாடையிலும் இரண்டு வகை உண்டு. பலரும் கவனிக்காத விஷயம் இது. புளித்த, சாக்ஸ் போன்ற வாடை என்றால் அது அமிலம். அதற்குச் சமையல் சோடா. மூக்கில் சுரீரென்று ஏறும் மூத்திர வாடை என்றால் அது அம்மோனியா, அதற்கு வினிகர். சோடா அமிலத்தோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாகிவிடுகிறது, வினிகர் அம்மோனியாவை அதேபோல் கட்டிவிடுகிறது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்து நுரை பொங்குவதை ரசிப்பவர்களும் இருக்கிறார்கள். பொங்கி அடங்கியதும் அங்கே சோடாவும் இல்லை, வினிகரும் இல்லை. ஒன்றை ஒன்று தின்றுவிட்டன. இரண்டும் தேவைப்பட்டால் வெவ்வேறு நாளில் பயன்படுத்துங்கள். சோடாவை ஷூவுக்கு 2 டீஸ்பூன் வீதம் இரவில் தூவி, காலையில் தட்டி, தூரிகையால் துடைத்துவிடுங்கள். அது வாடையைக் கட்டுமே தவிர பாக்டீரியாவைக் கொல்லாது.

என்ஸைம் கலந்த டிடர்ஜென்ட் உள்துணியில் ஊறிய புரதக் கறையைக் கரைப்பதில் கெட்டிக்காரன். ஆனால் தோலும் புரதம்தான். உள்ளங்கைப் பகுதி அசல் தோலாக இருக்கும் கிளவுஸை அதில் ஊறப்போட்டால் தோல் வலுவிழக்கும். அப்படிப்பட்ட கிளவுஸைக் குளிர்ந்த நீரும் மென்மையான சோப்பும் கொண்டு துடைத்தெடுத்து, நிழலில் உலர்த்துங்கள். காயும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை விரல்களை மடக்கி நீட்டிவிட்டால் விறைக்காது.

குளோரின் பிளீச் பற்றி ஒரு எச்சரிக்கை. அது எலாஸ்டிக்கையும் நைலானையும் அரித்துவிடும். அதைவிட முக்கியம், அதை வினிகரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது விளையாட்டல்ல. வெளுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் ஆக்சிஜன் பிளீச் பவுடரை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில், 40 டிகிரித் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தலாம். தோல் கிளவுஸுக்கு மட்டும் வேண்டாம்.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பதும் பரவலான நம்பிக்கை. பெரும்பாலான பாக்டீரியாக்கள் குளிரில் தூங்கும். வெளியே எடுத்தால் எழுந்துகொள்ளும். வெயிலில் காய வைப்பது உதவும், ஆனால் உள்பக்கத்தைத் திருப்பி 1 மணி நேரம் போதும். நாள் முழுக்கப் போட்டால் ஃபோம் காய்ந்து நொறுங்கும், பட்டைகள் வெளுத்து இற்றுப்போகும்.

ஹெல்மெட்டுக்குத் தனி மரியாதை வேண்டும். உள் மெத்தையைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் கையால் துவையுங்கள். கெட்டியான வெளிக்கூட்டையும் கண்ணாடித் தடுப்பையும் மென்மையான சோப்பு நீரால் மட்டும் துடையுங்கள். ஆல்கஹாலும் கரைப்பான்களும் பாலிகார்பனேட் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்களை உண்டாக்கக்கூடும். அது தெரியவருவது பந்து வந்து மோதும்போதுதான். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை வெல்க்ரோ, துணிப்பட்டை, பையின் உட்புறம் ஆகியவற்றில் தெளிக்கலாம். 99 சதவீதம் இன்னும் வலிமையானது என்று நினைக்காதீர்கள்: அது வேலை செய்வதற்குள் ஆவியாகிவிடும். அடுப்போ சிகரெட்டோ பக்கத்தில் இருக்கக் கூடாது.

பல் காப்பைக் குளிர்ந்த நீரில், பல் துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவி, காற்றுத் துளை உள்ள டப்பாவில் வையுங்கள். வெந்நீரில் அது உருமாறிவிடும். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், 2 மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். பனித்தள ஹாக்கி ஆடுபவர்கள் ஸ்கேட்டின் இரும்பைத் துடைக்காமல் உறையில் மாட்டினால் வாடையோடு துருவும் சேரும். வெல்க்ரோவில் சிக்கிய முடியையும் நூலையும் பழைய சீப்பால் இழுத்தெடுங்கள். எல்லாம் துவைத்துவிட்டு, துவைக்காத பையிலேயே திருப்பிப் போடுகிறவர்கள் அநேகம். பையை மாதம் ஒருமுறையாவது கவிழ்த்து உதறி, பாதிக்குப் பாதி வினிகர் கலந்த நீரால் துடைத்து, திறந்தபடி காயவிட வேண்டும்.

இனி உலர்த்தல். துவைத்தது சரியாக இருந்தும் கிட் மறுபடி நாறுகிறது என்றால் பத்தில் ஒன்பது முறை உள்ளே காயவில்லை என்று பொருள். மேல்துணி காய்ந்திருக்கும், நடு ஸ்பாஞ்சில் ஈரம் நிற்கும். ஈரத்துணியின் அந்த மக்கிய வாடை, அழுக்கே இல்லாத துணியிலும் மெதுவாகக் காய்ந்தால் வரும். துவைத்ததும் உலர்ந்த துண்டில் சுருட்டி முழங்காலால் அமுக்குங்கள். நிறையத் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். பிறகு ஃபேனுக்கு எதிரே தொங்கவிடுங்கள். கையால் தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள், எடை போடுங்கள். துவைக்கும் முன், நன்றாகக் காய்ந்த நிலையில் கிளவுஸின் எடையைச் சமையலறைத் தராசில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 320 கிராம் இருந்தது துவைத்த மறுநாள் 350 என்று காட்டினால், 30 மி.லி. தண்ணீர் உள்ளே ஒளிந்திருக்கிறது. இன்னொரு நாள் தொங்கட்டும். மழைக்காலத்தில் ஃபேன் ஈரக்காற்றையே சுற்றிவிடும். ஏசியோ ஈரம் உறிஞ்சும் கருவியோ உள்ள அறையில் கதவைச் சாத்தி உலர்த்துவதே வழி.

கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்து ஸ்பாஞ்சுக்குள் இறங்கிவிட்டதையும், அமுக்கினால் திரும்ப எழாத ஃபோமையும் துவைத்துப் பயனில்லை. அவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

இவ்வளவையும் ஒரு செய்தித்தாளுக்கு எழுதக் காரணம் கோல்கீப்பர் கிட்தான். தனக்கென ஒரு கிட் வைத்திருக்கும் பிள்ளை வீட்டில் பார்த்துக்கொள்ளும். பள்ளிகளிலும் கிளப்புகளிலும் இருப்பதோ பெரும்பாலும் ஒரே கோல்கீப்பர் கிட். காலையில் ஒரு பிள்ளை, மாலையில் இன்னொன்று. ஒருவர் வியர்வை காயும் முன் அடுத்தவர் உடம்பில் ஏறுகிறது. படர்தாமரையும் மயிர்க்கால் அழற்சியும் சீழ்க்கொப்புளமும் இந்த வழியில் கைமாறும். பட்டை உரசித் தோல் வழண்ட இடம் கிருமிக்கு வாசல். நாற்றம் தாங்காமல் கோல்கீப்பராக நிற்க மறுக்கும் பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டுவது நியாயமே இல்லை. கிட் வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் அதை உலர்த்த ஓர் இடமும் ஒதுக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. பகிர்ந்து அணியும் கிட்டுக்குள் ஒவ்வொருவரும் தமக்கென மெல்லிய முழுக்கைப் பனியனும் உள் கையுறையும் ஹெல்மெட்டுக்கு அடியில் துணித்தொப்பியும் போட்டுக்கொள்ளச் சொன்னால், வியர்வையின் பெரும்பகுதி வீட்டுக்குப் போய் அங்கேயே துவைபடும்.

உலர்த்தும் ஸ்டாண்டைப் பிளம்பர் ஒருவர் அரை நாளில் செய்துவிடுவார். ஒன்றேகால் அங்குல பிவிசி குழாயில் 5 அடி உயரத்துக்கு ஒரு தண்டு. அடியில் சாயாதபடி பிளஸ் குறி வடிவில் கால். முக்கால் அடிக்கு ஒரு டீ (T வடிவ) இணைப்பு வைத்து, அதிலிருந்து சற்றே மேல்நோக்கி ஒன்றரை அடிக் கைகள். கைகளில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக 8 மி.மீ. துளைகள் போட வேண்டும். உச்சியில் ஹெல்மெட், அடுத்து மார்புக் கவசம், கைகளில் கிளவுஸும் முழங்கைக் கவசமும், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கால் பேடுகள். பின்னால் ஒரு ஃபேன். குழாய்களைப் பசை போட்டு ஒட்டாமல் செருகி மட்டும் வைத்தால் முகாமுக்குப் போகும்போது கழற்றி எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
ஹாக்கி அணிகளின் கிட் பராமரிப்பைக் கவனிக்கும் வாசகர்கள்