பைக் இருக்கிறது, லைசென்ஸில் பைக் இருக்கிறதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், நண்பர்களோடு வெளிநாட்டுக்குப் போய் பைக் ஓட்டுவதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் போய் இறங்கியதும் ஒரு பைக்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அந்த ஒரு வரி வேலைக்காகத்தான் நாங்கள் ஐந்து பேர் நான்கு மாதமாக அலைந்துகொண்டிருக்கிறோம்.

பெரம்பூரில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். எல்லோருக்கும் நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விட்டார்கள், இனிமேல் போகாவிட்டால் முட்டி ஒத்துழைக்காது என்று ஒருநாள் ராத்திரி டீக்கடையில் முடிவெடுத்தோம். முதலில் நினைத்தது நீங்கள் எழுதிய அதே வியட்நாம்தான். ஹா ஜியாங்கிலிருந்து மியோ வாக் வரை போகும் அந்த மலை ரோட்டை 1959-லிருந்து 1965 வரை பல இனங்களைச் சேர்ந்த இளைஞர்கள் பெரும்பாலும் கைக்கருவிகளை வைத்தே வெட்டியிருக்கிறார்கள். மா பி லெங் கணவாயில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் அதல பாதாளத்தில் பச்சையாக ஓடும் ஆறு. வீடியோவைப் பார்த்தே எங்களில் ஒருவனுக்குத் தலை சுற்றியது, அது வேறு கதை.

சரி, லைசென்ஸ் என்ன வேண்டும் என்று தேட ஆரம்பித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நம் ஆர்டிஓ ஆபீஸில் தரும் சர்வதேச ஓட்டுநர் பர்மிட் 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின்படி தரப்படுவது. வியட்நாம் சேர்ந்திருப்பதோ 1968-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தில். இரண்டும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருந்தாலும் அங்கே முதலாவது செல்லாது. அதாவது நாம் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கிக்கொண்டு போகிற பர்மிட்டைக் காட்டி அங்கே 110 சிசி பைக்கை ஓட்டினால், சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்குதான். வாடகைக்குக் கொடுப்பவர் கேட்கவே மாட்டார், சிரித்துக்கொண்டே சாவியைத் தருவார். போலீஸ் பிடித்தால் அபராதம், அதுகூடப் பரவாயில்லை. விழுந்து கை கால் உடைந்தால்தான் தெரியும். நாங்கள் எடுக்க நினைத்த டிராவல் இன்சூரன்ஸின் பொடி எழுத்தை எங்கள் வாத்தியார் நண்பன் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தான்: அந்த நாட்டில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி அடிபட்டால் ஒரு பைசா கிடையாது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்லை வீட்டை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

ஹா ஜியாங்கில் உள்ளூர்க்காரரையே ஓட்டச் சொல்லி நாம் பின்னால் உட்கார்ந்து போகிற ஏற்பாடும் உண்டு. மலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு அதுதான் நல்லது என்று நான் சொன்னேன். "அங்க போய் பின்னாடி உக்காந்து வர்றதுக்கு, கல்யாணத்துக்குப் போய் சாப்பிடாமலே திரும்பலாம்டா" என்று நண்பன் ஒருவன் முறைத்தான். விட்டுவிட்டோம்.

அப்புறம்தான் தாய்லாந்து. அந்த நாடு 1949 ஒப்பந்தத்தில் இருக்கிறது, நம் பர்மிட் செல்லும், வண்டியும் நம்மைப் போல இடது பக்கம்தான். சியாங் மாயில் ஆரம்பித்து பாய், மே ஹாங் சான், மே சாரியாங் என்ற ஊர்கள் வழியாகச் சுற்றி மறுபடி சியாங் மாய்க்கே வருகிற பாதை, மொத்தம் சுமார் 600 கிலோமீட்டர். அதில் 1,864 வளைவுகளாம். மே ஹாங் சானில் அதற்கொரு சான்றிதழ்கூடத் தருகிறார்கள். நம் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இதுவரை யாரும் எனக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. வழியில் தாய்லாந்தின் உயரமான மலையான டோய் இந்தனான், 2,565 மீட்டர். நம் தொட்டபெட்டா அதைவிடக் கொஞ்சம் உயரம் என்று தெரிந்ததும் எங்களுக்கு அநியாயத்துக்குச் சந்தோஷம்.

தேதியும் பொங்கல் முடிந்த மறுவாரம் என்று பேசி வைத்தோம். டிசம்பர் வேண்டாம் என்று நான்தான் அடம்பிடித்தேன், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு நம் ஏர்போர்ட்டையே மூடியதை மறக்க முடியுமா? பிப்ரவரி பிற்பகுதிக்கும் தள்ளக் கூடாது, அங்கே வயல் தாளையும் காட்டுச் சருகையும் எரிக்கிற காலம் தொடங்கிவிடும், ஏப்ரல் வரை மலையெல்லாம் புகை மூடிக்கிடக்கும். இதைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

இனிதான் முக்கியமான சமாச்சாரம். பர்மிட்டுக்கு விண்ணப்பிக்க ஐந்து பேரும் லைசென்ஸை எடுத்துக்கொண்டு போனோம். கவுன்டரில் இருந்த அம்மா என் நண்பனின் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுல கார் மட்டும்தான் இருக்கு, பைக்கே இல்லையே" என்றார். இருபத்தாறு வருஷமாக பைக் ஓட்டுபவன் அவன். எங்கள் எல்லோருக்கும் பைக் கற்றுக்கொடுத்ததே அவன்தான்! அந்தக் காலத்தில் டிரைவிங் ஸ்கூலில் கார் மட்டும் போட்டு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், இவனும் அதைப் பார்த்ததே இல்லை. சர்வதேச பர்மிட்டில் பைக்குக்கு 'ஏ', காருக்கு 'பி' என்று தனித்தனிப் பிரிவு உண்டு. இங்கே பைக் இல்லாதவருக்கு அங்கே 'ஏ' கிடையாது, 'ஏ' இல்லாமல் தாய்லாந்தில் பைக் ஓட்டினால் வியட்நாம் கதைதான். சியாங் மாய் ஊருக்குள்ளேயே போலீஸ் நிறுத்தி பர்மிட்டைக் கேட்பது சகஜம்.

ஆக நாற்பத்தேழு வயதில் அவன் மறுபடி எல்எல்ஆர் எடுத்து, முப்பது நாள் காத்திருந்து, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று எட்டு போட வேண்டும். எங்களுக்குச் சிரிப்பு, அவனுக்கு மானப் பிரச்சினை. ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்த ஊரில் இவனைப் போல எத்தனை பேர் பாக்கெட்டில் காருக்கு மட்டும் லைசென்ஸை வைத்துக்கொண்டு தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறார்கள்? வெளிநாடு இருக்கட்டும், இங்கே ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பதே அதைத்தானே.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால், எந்த நாட்டில் நம் பர்மிட் செல்லும், எங்கே செல்லாது என்று ஓரத்தில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். ஆர்டிஓ ஆபீஸ்களிலும் இதை ஒரு போர்டில் எழுதி வைக்கலாம். நாங்கள் போன இடத்தில் கட்டணப் பட்டியல் இருந்தது, கண்தான விளம்பரம் இருந்தது, இது மட்டும் இல்லை. 1949-ஆ 1968-ஆ என்று கேட்டதற்கு அங்கிருந்த ஒருவர் என்னை நான் ஏதோ சரித்திரப் பரீட்சை வைத்த மாதிரி பார்த்தார்.

இன்னொன்று. ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் தாராளமாக ஓட்டலாம் என்று எழுதியிருந்தீர்கள். அது நம்மூர் நான்குவழிச் சாலைக் கணக்கு. சியாங் மாயிலிருந்து பாய் வெறும் 130 கிலோமீட்டர்தான், அதற்குள்ளேயே 762 வளைவு. ஈசிஆரில் நேர்கோட்டில் மாமல்லபுரம் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புகிறவர்களுக்கு (நாங்களும் அந்த ஜாதிதான்) அரை நாள் வேலை அது. கையிலும் முட்டியிலும் கட்டுப்போட்டுக்கொண்டு பாய் கடைத்தெருவில் திரியும் வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி அங்கே போய்வந்தவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். அதனால் நாங்கள் நான்கு நாளாகப் பிரித்திருக்கிறோம், அதற்கு முன்னால் ஏலகிரியின் 14 வளைவுகளிலும் அப்புறம் கொல்லிமலையிலும் ஓட்டிப் பழகுவதாகத் திட்டம். பாஸ்போர்ட்டை வாடகைக் கடையில் அடமானமாக விடக் கூடாது, ரொக்கமாக முன்பணம் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கீறலை எல்லாம் கடைக்காரர் முன்னாலேயே வீடியோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

நண்பனுக்கு அடுத்த வியாழக்கிழமை டெஸ்ட். காலை எட்டு மணிக்கே நாங்கள் நான்கு பேரும் மைதானத்து ஓரத்தில் போய் நிற்கப் போகிறோம், வராதீர்கள் என்று கெஞ்சுகிறான். அவன் காலை ஊன்றாமல் எட்டு போட்டு முடிக்கும்வரை விமான டிக்கெட் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பெரம்பூர், சென்னை.