ஓடுதளப் பள்ளத்தை மூடக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: ஓட்டப் பயிற்சியாளர்

பெறுநர்: விளையாட்டு அலுவலர் அவர்கள்

பொருள்: இரண்டாவது வளைவில் உள்ள பள்ளத்தால் வீரர்களுக்குக் கால் காயம் – சரிசெய்து தர வேண்டுதல்.

பார்வை: இதே பொருளில் முன்னர் அளித்த இரு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வடிகால் மூடியை ஒட்டிய அந்தப் பள்ளம் தாங்கள் அறியாதது அன்று. பரிசளிப்பு விழாவுக்கு வந்தபோது அதைச் சுற்றித்தான் நடந்து சென்றீர்கள்.

1. பள்ளம் நான்கு விரல் ஆழம். மழை பெய்தால் நீர் நிரம்பி, இருப்பதே தெரியாது.

2. வேகமாக வளைவில் திரும்புகிறவர்களின் இடது கால் அதில் இறங்குகிறது. பாதம் உட்புறமாகப் புரள, கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் கிழிகிறது.

3. 200 மீட்டர் ஓடும் மாணவி ஒருத்திக்கு இதே பள்ளத்தில், இதே காலில், மூன்று முறை சுளுக்கியிருக்கிறது. முதல் முறை, "சுளுக்குதானே" என்றார்கள். சுளுக்கு சிறிய விஷயம் அன்று, ஐயா. தசைநார் தளர்வதோடு, பாதம் எப்படி ஊன்றியிருக்கிறது என்பதை உணரும் திறனும் மங்குகிறது. அதனால்தான் ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடியும் எளிதில் சுளுக்கிக்கொள்கிறது. மூன்றாவது முறை அவளால் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை. கணு எலும்பின் பின்விளிம்பைத் தொட்டதும் அலறினாள். எலும்பு முறிவா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே ஆக வேண்டிய அறிகுறிகள் இவை. மைதானத்தில் ஐஸ் இல்லை, கட்டுத்துணி இல்லை. என் துண்டைக் கிழித்துக் கட்டி, வண்டி வரும்வரை அவள் காலை என் மடியில் உயர்த்தி வைத்திருந்தேன். வீக்கம் என் கண்ணெதிரே ஏறியது.

4. பள்ளத்துக்கு அஞ்சி மற்றவர்கள் சிமெண்ட் சாலையில் ஓடுகிறார்கள். தளம் திடீரென மாறினால் பாத எலும்பில் நுண்முறிவு ஏற்படலாம். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு அது பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. பிள்ளைகளும் வலியை மறைத்து ஓடுவார்கள். பிறகு ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதுதான். யாரை எங்கே ஓடச் சொல்வேன்?

5. ஒரு வண்டி மண் போதும், ஐயா. ஒரே ஒரு வண்டி மண்! அதற்கு எத்தனை மனு எழுத வேண்டும்? என்னிடம் ஒப்புகைச் சீட்டுகள் இரண்டு இருக்கின்றன. பதில் ஒன்றுகூட இல்லை.

கடுஞ்சொல் இருப்பின் பொறுத்தருள்க. பள்ளத்தை மூடித் தாருங்கள். ஐஸ் வைக்க ஒரு பெட்டியும் முதலுதவிப் பொருள்களும் தாருங்கள். அந்த மாணவி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழகுகிறாள். அவள் திரும்பி ஓட வருவதற்குள் பள்ளத்தை மூடித் தாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓட்டப் பயிற்சியாளர்