வேர் உன்னைச் சுமக்கிறது

பாளையங்கோட்டை

அன்புள்ள ஜெபா,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ராஜம் கொண்டுவந்த வரன் விஷயத்தை நேரில்தான் சொல்ல வேண்டும். எழுதினால் நீ ஊர் முழுக்கப் பரப்பிவிடுவாய்.

ஏட்டி, போன வாரம் கன்வென்ஷனில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் பேசினார். யூதர்கள் இயேசுவைத் தள்ளினார்களாம், அதனால் தேவன் அவர்களைத் தள்ளிவிட்டாராம், இப்போது தேவன் தெரிந்துகொண்ட ஜனமான இஸ்ரவேல் நாம்தானாம். பந்தல் முழுக்க ஆமென். கடைசி ஜெபத்தில் சுற்றியிருக்கிற தெருக்களையெல்லாம் புறஜாதியார் தெருக்கள் என்றார். அதற்கும் ஆமென். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

புறஜாதி என்றால் யூதரல்லாதவர்கள். அப்படியானால் நாம் யார்? அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற, யூதனல்லாத ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டார்தானே! யோப்பாவில் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டு மாடியில் பேதுரு பசியோடு ஜெபம்பண்ணினார், யூதர் தீட்டென்று தள்ளுகிற மிருகங்களோடு வானத்திலிருந்து துப்பட்டி இறங்கினது, அடித்துப் புசி என்று சத்தம் வந்தது, தீட்டானதை ஒருக்காலும் தின்றதில்லை என்றார். அந்தத் தீட்டு நாம். யூதன் ஒருவன் வாசல்படி மிதிக்கத் தயங்குகிற கொர்நேலியுவின் செசரியா வீட்டுக்குள்தான் நமக்கு இடம். அதை மறந்து பேதுரு பக்கத்தில் நின்றுகொண்டு, ஆத்திர அவசரத்துக்கு ஓடிவருகிற பக்கத்து வீட்டு லட்சுமி அக்காவைப் புறஜாதி என்கிறோம்.

பவுல் எழுதின ரோமர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் இந்த மிதப்பை அடக்கத்தானே இருக்கிறது. உங்கள் வீட்டு அண்ணாச்சி ஒட்டு மா கட்டுவதைப் பார்த்திருக்கிறாயே. நாட்டுக் கன்றின் தண்டைச் சீவி, நல்ல ரகத்துக் குச்சியைச் செருகி, நாடாவை இறுக்கிச் சுற்றுவார். கீழே நாட்டு வேர், மேலே நல்ல கிளை. பவுல் சொல்வது நேர்மாறு: நல்ல ஒலிவமரத்தில் காட்டு ஒலிவக் கிளை. "சுபாவத்துக்கு விரோதமாய்" என்று அவரே எழுதுகிறார். அண்ணாச்சி அப்படி ஒருநாளும் கட்டமாட்டார். "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்" என்று வாசித்த பிறகும் எந்த வாயால் பெருமை பேசுவது?

இது வெறும் வேதபாட வாக்குவாதம் இல்லை, ஜெபா. யூதரின் ஜெப ஆலயங்களைக் கொளுத்த வேண்டும் என்று 1543-ல் எழுதியவர் நாம் கொண்டாடுகிற சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர். 1938 நவம்பரில் ஜெர்மனியில் அவை நிஜமாகவே எரிந்தன. மனைவியையும் மகளையும் ஆஷ்விட்ஸில் பறிகொடுத்த ஜூல் ஐசக் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர், 80 வயது தாண்டி, 1960-ல் ரோமுக்குப் போய்ப் போப் 23ஆம் யோவானைப் பார்த்து, கத்தோலிக்க சபை யூதரைப் பற்றிய தன் போதனையைத் திருத்த வேண்டும் என்று கேட்டார். எத்தனை பேருக்கு அந்த மனது வரும்? 1965 அக்டோபர் 28-ல், யூதரைத் தேவனால் தள்ளப்பட்டவர்கள், சபிக்கப்பட்டவர்கள் என்று காட்டக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடின வத்திக்கான் சங்கம் அறிக்கையே வெளியிட்டது. நம் பந்தலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அப்படியானால் அவர்களுக்குக் கிறிஸ்து வேண்டாமா என்று நீ மல்லுக்கு நிற்பாய், தெரியும். பவுல் அப்படிச் சொல்லவில்லை. தன் சொந்த ஜனத்துக்காகத் தானே சபிக்கப்பட்டாலும் சரி என்கிற அளவுக்குத் துக்கப்படுகிறார். ஆனாலும் தேவனுடைய கிருபைவரங்களும் அழைப்பும் மாறாதவைகளே என்கிறார். எப்படி என்று விளக்காமல், தேவனுடைய ஞானத்தைத் துதித்து அதிகாரத்தை முடிக்கிறார். எனக்கு அது போதும். அவர்களுக்குக் கொடுத்த வாக்கையே தேவன் மாற்றிக்கொள்வாரானால், நமக்குக் கொடுத்ததை எதை நம்பிப் பிடித்துக்கொள்வது?

இஸ்ரவேலர் தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டது பெருமைக்காகவும் இல்லை. எல்லா ஜனங்களிலும் கொஞ்சமானவர்கள் என்றுதான் உபாகமம் அவர்களைச் சொல்கிறது. உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்களைத் தண்டிப்பேன் என்கிறது ஆமோஸ். இதைக் கேட்டும் அந்த இடத்துக்கு நாம் போட்டி போடுகிறோம்!

அடுத்த மாதம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் என் முறை. ரோமர் 9 முதல் 11 வரை எடுக்கப்போகிறேன். பொன்னம்மா டீச்சர் நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? உடனே அனுப்பு. முடிந்தால் நீயே கொண்டு வா. கேள்வி கேட்டு மடக்க உன்னை விட்டால் ஆள் இல்லை.

உன்,
மெர்சி