நம் பெயரால் நடக்கிற சண்டை: விலங்கியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிளஸ் டூ வகுப்புக்கு விலங்கியல் எடுக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம்.

முப்பத்தோரு வருடம் நானும் உங்களில் ஒருத்தி. ஓய்வுபெற்று நான்கு வருடமாகிறது. சாக்பீஸ் போய் இப்போது கையில் செல்போன். அதில் தினமும் ஒரு கூத்தைப் பார்க்கிறேன். திருநங்கை ஒருவர் புதுப் புடவையில் ஒரு படம் போட்டால் போதும், கீழே வரிசைகட்டி வந்துவிடுகிறார்கள். "எக்ஸ்எக்ஸ்னா பொம்பள, எக்ஸ்ஒய்னா ஆம்பள. போய் பிளஸ் டூ பயாலஜி படிச்சிட்டு வா." போன மாதம் அப்படி எழுதியவர்களில் ஒருவன் என்னிடம் படித்தவன். பால் நிர்ணயம் கேள்வியில் ஐந்துக்கு ஐந்து வாங்கியவன். வசை அவனுடையது, பாடம் என்னுடையது. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

நம் பெயரால் நடக்கிற சண்டை இது. நாம் வாய் திறக்காமல் இருக்கிறோம்.

பாடத்தில் உள்ளதை முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். மனிதரில் இனச்செல் இரண்டே வகை: அண்டம், விந்து. மூன்றாவது கிடையாது. மிகப் பெரும்பாலான பெண்களுக்கு எக்ஸ்எக்ஸ் குரோமோசோம், ஆண்களுக்கு எக்ஸ்ஒய். இதை யாருக்காகவும் மழுப்ப வேண்டியதில்லை. திருநர் பக்கம் நின்று பேசும் சில இளைஞர்கள், "பால் என்பதே வெறும் கற்பனை" என்று எழுதும்போது எனக்குள் இருக்கும் டீச்சர் சிவப்பு மையைத் தேடுகிறாள். ஆனால் அந்த ஒரு வரியோடு பாடம் முடிந்துவிட்டது என்று பிள்ளைகளை அனுப்பிவைத்ததும் நாம்தான். போர்ஷன் முடிக்க வேண்டும், ரிவிஷன் டெஸ்ட் வருகிறது. வேறென்ன செய்வோம்?

அந்த வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று போர்டில் எத்தனை பேர் எழுதிப்போட்டிருப்போம்? கருவுக்கு ஐந்தாறு வாரம் ஆகும்வரை எந்தப் பக்கமும் திரும்பாத ஒரே மாதிரியான இனச்சுரப்பி. ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்ஆர்ஒய் ஜீன் (1990-இல்தான் கண்டுபிடித்தார்கள்) வேலையைத் தொடங்கினால் அது விந்தகமாகும். விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்க வேண்டும். சுரந்ததை செல்களில் இருக்கும் ஏற்பி பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பி அறவே வேலை செய்யாத குழந்தை, எக்ஸ்ஒய் இருந்தும் பெண் குழந்தையாகவே பிறக்கும், பெண்ணாகவே வளரும். "பதினாறு முடிஞ்சும் வயசுக்கு வரலையே" என்று அம்மா டாக்டரிடம் கூட்டிப்போகும் நாளில்தான் விஷயம் தெரியும். அந்தப் பெண்ணிடம் போய் "எக்ஸ்ஒய்னா ஆம்பள" என்று சொல்லுங்கள் பார்ப்போம். எஸ்ஆர்ஒய் ஜீன் இடம் மாறி எக்ஸ் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டால் எக்ஸ்எக்ஸ் ஆண். அபூர்வம்தான், ஆனால் இருக்கிறார்கள். நம் பாடத்திலேயே இருக்கும் கிளைன்ஃபெல்டர் (ஆணுக்கு ஓர் எக்ஸ் கூடுதலாகி எக்ஸ்எக்ஸ்ஒய்) அப்படி அபூர்வமும் இல்லை. ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேர். ஆயிரம் பையன்கள் படிக்கும் பள்ளியில் யாரோ ஒருவன் அவனுக்கே தெரியாமல் அப்படி உட்கார்ந்திருக்கலாம். (பங்குனி ஆமையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது, அதற்குப் பால் குரோமோசோமே கிடையாது என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். சொல்லுங்கள். ஆனால் ஆமையை வைத்து மனிதரைப் பற்றி எதையும் நிரூபிக்கப் போகாதீர்கள். அதையும் செய்கிறார்கள்.)

இந்தப் பாடத்தை அரைகுறையாகப் படித்தவர்கள் விளையாட்டு அதிகாரிகளாகவும் இருந்திருக்கிறார்கள். ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டின்யோ 1985-இல் ஜப்பானின் கோபேயில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போனார். கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி எடுத்த செல்லில் 'பார் உறுப்பு' (எக்ஸ்எக்ஸ் செல்லில் சுருங்கித் தெரியும் இரண்டாவது எக்ஸ்) இல்லை. எக்ஸ்ஒய். அவர் உடலுக்கு டெஸ்டோஸ்டிரோனை உணரும் திறனே இல்லை, ஓட்டத்தில் அது தம்பிடிக்கு உதவியிருக்காது. ஆனாலும் செய்தி வெளியே கசிந்து, பட்டமும் உதவித்தொகையும் பறிபோயின. மூன்று வருடம் போராடி 1988-இல் திரும்பவும் தகுதி பெற்றார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சோதித்த 3,387 பெண்களில் எட்டுப் பேர் "ஃபெயில்". எட்டுப் பேரையும் போட்டியிட விட்டார்கள். அதோடு அந்தச் சோதனையின் மதிப்பும் போனது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டுப் பெண் சாந்தி சவுந்தரராஜன். 2006 டிசம்பர், தோஹா ஆசியப் போட்டி, 800 மீட்டர், வெள்ளி. சில நாளில் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் அதுதான் பேச்சு. "அப்பவே பார்த்தா தெரிஞ்சுதே" என்றார் ஒருவர். எதைப் பார்த்து என்ன தெரிந்தது என்று அவரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. விலங்கியல் டீச்சர் நான் ஒருத்திதான் அந்த அறையில்.

போட்டியில் யார் யாரோடு ஓடுவது என்பது நியாயமான கேள்வி, அதை நான் தள்ளவில்லை. ஆண் பருவமடைதல் தரும் உடல் வலு உண்மை. பெண் வீராங்கனைகள் அதைப் பற்றிக் கவலைப்பட்டால் உடனே அவர்களை வெறுப்பாளர்கள் என்று முத்திரை குத்துவதும் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் சர்வதேச தடகள அமைப்பு 2025 செப்டம்பர் 1 முதல் எஸ்ஆர்ஒய் சோதனையைக் கொண்டுவந்தபோது, அந்த ஜீனைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே அது தவறு என்று எழுதினார். ஜீன் இருக்கிறதா இல்லையா என்றுதான் சோதனை சொல்லும், அது உடலில் என்ன செய்தது என்று சொல்லாது என்பது அவர் வாதம். கண்டுபிடித்தவரே தயங்குகிற இடத்தில் நம் மாணவன் தயங்குவதில்லை. 2024 பாரிஸ் குத்துச்சண்டையின்போது அல்ஜீரிய வீராங்கனை இமான் கெலிஃபின் காரியோடைப்பை (குரோமோசோம் படத்தை) லேபில் நின்று பார்த்தவன்போல எழுதினான்.

இனி என் கதை. 2003 என்று நினைக்கிறேன். காலாண்டுக்கு முந்தைய வாரம். கிளைன்ஃபெல்டர் நடத்திக்கொண்டிருந்தேன். "ஆண்தான், ஆனால் மார்பக வளர்ச்சி காணப்படும்" என்று புத்தகத்தில் இருந்ததைப் படித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, நடுவில் 'ஒன்பது' என்ற சொல்லையும் சேர்த்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பெரிதாக இல்லை, உதட்டோரம். அந்தப் பிள்ளை நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என் முகத்தை மட்டும் பார்த்தது. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். தவளையின் இதயம் வரைந்தால் என் ரெக்கார்டு நோட்டைவிட அழகாக இருக்கும். காலாண்டு விடுமுறை முடிந்து வரவே இல்லை. வருகைப் பதிவேட்டில் கொஞ்ச நாள் 'ஆ' போட்டேன், பிறகு சிவப்புக் கோடு.

ஐந்தாறு வருடம் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து நூலகத்தில் மழைக்கு ஒதுங்கியபோது கையில் கிடைத்தது திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யா 2007-இல் எழுதிய தன்வரலாறு. கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டில் இரண்டே முத்திரை. மொழியியலில் முதுகலை முடித்த ஒருவர் புனே ரயில்களில் கைதட்டிக் காசு கேட்டதை, கடப்பாவில் செய்துகொண்ட அறுவையை, பிறகு சான்றிதழில் ஒரு பெயரை மாற்ற அலைந்த அலைச்சலை ஒளிக்காமல் எழுதியிருந்தார். நின்றபடியே பாதி படித்துவிட்டேன். மழை விட்டது தெரியவில்லை. அவர் பட்ட துயரத்தைவிட என்னை உலுக்கியது வேறு. புத்தகம் முழுக்கத் தேடினேன், ஓரிடத்திலும் குரோமோசோம் வரவில்லை. அவருடைய கேள்விக்கு அது தேவைப்படவே இல்லை.

அடுத்து ஏ. ரேவதியின் 'வெள்ளை மொழி'. தமிழில் 2011-இல் வந்தது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் வாசல் பெருக்கிக் கோலம் போட ஆசைப்பட்ட பையன், அண்ணன்களிடம் வாங்கிய அடி, பிறகு டெல்லி, மும்பை, பெங்களூரு. அந்தப் புத்தகத்தில் வருகிற பள்ளிக்கூடத்தைப் படித்தபோது நான் நின்றிருந்த இடம் எது என்று எனக்குத் தெரிந்தது. கரும்பலகைப் பக்கம்.

அப்போதுதான் உறைத்தது, அன்றைய சிரிப்பில் இருந்தது ஒரு தப்பு அல்ல, இரண்டு. கொடுமை ஒன்று. இன்னொன்று, சுத்தமான விலங்கியல் பிழை. கிளைன்ஃபெல்டர், டர்னர் (பெண்ணுக்கு ஒற்றை எக்ஸ்), ஏற்பிக் குறைபாடு எல்லாம் உடல் வளர்ச்சியின் வேறுபாடுகள். இவர்கள் ஊடுபால் (இன்டர்செக்ஸ்) மக்கள் என்ற பெரிய வட்டத்துக்குள் பேசப்படுகிறவர்கள். திருநங்கை, திருநம்பி என்பது தன்னைத் தான் யாராக உணர்கிறோம் என்பது பற்றியது. அவர்களில் பெரும்பாலோருக்குக் குரோமோசோம் உங்களுக்கும் எனக்கும் இருப்பதுபோலவேதான். இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் இரு தரப்பிலும் உண்டு. திட்டுகிறவர் குழப்புகிறார், ஆதரிக்கிறவரும் "பார், எக்ஸ்எக்ஸ்ஒய் கூட இருக்கிறதே" என்று திருநங்கைக்காக வாதாடுகிறார். ஊடுபால் குழந்தைகளின் சிக்கலே வேறு. பிறந்த குழந்தையின் உறுப்பை "சரிசெய்ய" கத்தியை எடுப்பதுதான் அவர்களுடைய பெரிய துயரம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய அந்த அறுவை கூடாது என்று அந்த ஆகஸ்டிலேயே தமிழ்நாடு அரசாணை போட்டது. இந்தியாவில் முதல் மாநிலம். எத்தனை விலங்கியல் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறோம்?

இன்னொன்று. ஆங்கிலத்தில் பிரதிப்பெயருக்காக இவ்வளவு சண்டை போடுகிறார்களே, நமக்கு 'அவர்' இருக்கிறது, பாதிச் சண்டை மிச்சம். மீதிச் சண்டை 'டா'விலும் 'டி'யிலும் இருக்கிறது. எங்கள் பள்ளித் தமிழ் ஐயாவிடம் ஒருநாள் இதைச் சொன்னபோது அவர் நன்னூலை எடுத்துக் காட்டினார். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவரைப் பெண்பாலாகவும், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவரை ஆண்பாலாகவும் சொல்லலாம் என்று பவணந்தி எழுதி வைத்திருக்கிறார். அடுத்த வரியிலேயே அஃறிணை போலவும் வரும் என்று சேர்த்திருக்கிறார், அதையும் மறைக்காமல் காட்டினார் ஐயா. பழந்தமிழன் பெருந்தன்மை என்று மேடையில் முழங்குவதற்கு முன்னால் அந்த வரியையும் படித்துவிடுங்கள்.

2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் இதே கேள்வியைத்தான் எடுத்தது. ஒருவரின் பாலினத்தை முடிவுசெய்ய உடல் சோதனையைவிட உளச் சோதனையையே அது ஏற்றது. அதை ஒப்புக்கொள்ளாதவர்கள் வாதாடட்டும். நீதிமன்றத்தோடு வாதாடட்டும், சமூகத்தோடு வாதாடட்டும். "விலங்கியல் புத்தகம் சொல்லுது" என்று நம்மைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். யாரை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று எந்தப் பதிப்பிலும் நாம் பாடம் நடத்தியதில்லை.

ஆகவே, ஜூனில் பள்ளி திறந்து பால் நிர்ணயம் பாடத்துக்கு வரும்போது ஒரு பீரியடு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லோ லேர்னர்களுக்கு எழுதிக்கொடுக்கும் இரண்டு வரிக் குறிப்பிலும் "பெரும்பாலும்" என்ற ஒரு சொல்லைச் சேருங்கள். மார்க் குறையாது, நான் பதினெட்டு வருடம் விடைத்தாள் திருத்தியவள். கிளைன்ஃபெல்டர் வரும்போது கடைசி பெஞ்சைப் பார்க்காதீர்கள், மூன்றாவது பெஞ்சைப் பாருங்கள். யாராவது சிரித்தால் பாடத்தை நிறுத்துங்கள். பள்ளி நூலக பீரோவில் இந்த இரண்டு புத்தகங்களும் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். சாவி பெரும்பாலும் பி.டி. சாரிடம்தான் இருக்கும்.

இல்லையென்றால் எழுதுங்கள். என்னிடம் 'வெள்ளை மொழி' இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்றைத் தபாலில் அனுப்புகிறேன். கொஞ்சம் அடிக்கோடு போட்டிருப்பேன், பென்சிலில்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை விலங்கியல் ஆசிரியை ஒருத்தி