சிவர்ட் சிலுவை

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? படங்கள் வந்தன. பொட்டல் வெளியில் ஒண்டியாக நிற்கும் அந்தக் கல், தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்துச் சிவர்ட் சிலுவையேதான். பிரின்ஸ்டவுனிலிருந்து தெற்கே 4 கிலோமீட்டர் போல நடந்திருப்பாய். ஊர்க்காரர்கள் 'நன்ஸ் கிராஸ்' என்பார்கள். கன்னியாஸ்திரிகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. பக்கத்துக் கார்ன்வாலின் மொழியான கார்னிஷில் பள்ளத்தாக்கைக் குறிக்கும் 'நான்ஸ்' மருவிவிட்டது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

வயது கேட்டிருந்தாய். 1240-ல் அரச வனத்தின் எல்லையைச் சுற்றிவந்து எழுதியபோதே சிவர்டின் சிலுவை என்று குறித்துவிட்டார்கள். ஆனால் மேற்கு முகத்தில் 'பக்லண்ட்' என்று வெட்டியிருக்கிறதே, அந்தப் பக்லண்ட் மடம் தொடங்கியது 1278-ல். மடத்து நிலத்துக்கு எல்லை காட்ட, ஏற்கெனவே நின்ற கல்லில் பிறகு வெட்டிய எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். எழுத்தை வைத்துக் கல்லுக்கு வயது சொன்னால் இப்படித்தான் சறுக்கும்.

உன் படத்தில் கிழக்கு முகத்து எழுத்து தெரியாததற்குக் காரணம் வெளிச்சம். காலை வெயில் கிழக்கு முகத்தில் நேராக அறையும், பள்ளமெல்லாம் மறைந்துவிடும். கிழக்கு முகத்துக்கு உச்சிவேளைக்குச் சற்று முன், மேற்குக்குச் சற்றுப் பின். அப்போதுதான் வெயில் கல்லை உரசிப்போகும், வெட்டில் நிழல் விழும். மூட்டமாக இருந்தால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடி. அங்குள்ள கருங்கல்லில் வெள்ளை வெள்ளையாகப் பெரிய படிகங்கள் உண்டு. கோடு அதில் பட்டால் சில்லு பெயர்ந்து எழுத்தே மாறித் தெரியும். விஷயம் தெரிந்தவர்களே அதை வேறுவேறாகப் படித்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கட்டியால் கோடிழுப்பதோ பாசியைச் சுரண்டுவதோ வேண்டவே வேண்டாம்.

உயரம் 7 அடி 4 அங்குலம், கை அகலம் 2 அடி 8 அங்குலம். தண்டின் குறுக்கே தெரியும் விரிசல் 1846-ல் தள்ளிவிட்டு ஒடிந்தது. பிறகு இரும்புக் கவ்வி போட்டுச் சேர்த்தார்கள். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், சுற்றியுள்ள கல்லை நெம்பிப் பிளக்கும். கவ்வியைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் கறை இறங்கியிருக்கிறதா, விளிம்பில் மயிரிழை வெடிப்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியது அதனால்தான்.

மற்றச் சிலுவைகளைப் பார்க்கும்போது விளிம்பைத் தடவிப் பார். வரிசையாக அரைவட்டத் துளைத் தடம் இருந்தால், துளை போட்டு ஆப்பு இறக்கிப் பிளந்தது, ஏறத்தாழ 1800-க்குப் பிந்திய வேலை. அதற்கு முன் நீளக் குழிவெட்டி ஆப்பு அடிப்பதே வழக்கம். சிலுவையின் கையைத் தட்டிவிட்டு, கீல் மாட்டத் துளையும் போட்டு வேலிக்கதவுத் தூணாக நட்டதும் அங்கே நிறைய. நம்மூரில் நடுகல் துவைக்கல்லானது போலத்தான்.

மறுபடி போனால் கவ்வியைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
குமரன்