அத்தானுக்கும் படித்துக் காட்டு

பாயான் லெப்பாஸ், பினாங்கு
ஆடி வெள்ளி இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ கொடுத்தனுப்பிய வடகமும் வேப்பம்பூவும் பத்திரமாக வந்து சேர்ந்தன. மோர்மிளகாய்ப் பொட்டலம் மட்டும் பாதிதான் இருந்தது. கொண்டுவந்த நண்பர் மேல்தான் எனக்குச் சந்தேகம், ஆனால் கேட்க முடியுமா?

போன தடவை போனில் பேசியபோது பாப்பா அழுததால் எதுவுமே சரியாகச் சொல்ல முடியவில்லை. எழுதினால்தான் நீ நிதானமாகப் படிப்பாய், அத்தானும் குறுக்கே பேச மாட்டார். அதனால் தம்பியின் தடுப்பூசி பற்றி இந்தக் கடிதம்.

எங்கள் பிளாட்டின் பால்கனியில் நின்றால் கடலும் அதில் ஒரு பச்சைத் தீவும் தெரியும். புலாவ் ஜெரஜாக் என்று பெயர். வந்த புதிதில் ஏதோ சுற்றுலாத் தீவு என்று நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் நம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த கூலிக்காரர்களை முதலில் அங்கேதான் இறக்குவார்களாம். கப்பலில் யாருக்காவது அம்மையோ காலராவோ கண்டுவிட்டால் மொத்தக் கூட்டத்தையும் நாள்கணக்கில் அந்தத் தீவிலேயே அடைத்து வைப்பார்கள். தொழுநோயாளிகளுக்கான விடுதியும் அங்கே இருந்திருக்கிறது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஆண்ட்டி. அவருடைய தாத்தா அப்படி அந்தத் தீவில் கிடந்துவிட்டுக் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். ஆண்ட்டியின் அம்மா அந்தத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் விடியும் முன்னே குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்களாம். இப்போது ஆண்ட்டி தன் வீட்டுக் கூடத்தில் அதே வேலையைச் செய்கிறார். நாங்கள் ரப்பர் மரத்துக்குப் பதிலாக எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்குப் போகிறோம், அவ்வளவுதான்.

பிரசவ லீவு 98 நாள்தான். அது முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்பியாக வேண்டியிருந்தது. காலையில் பாப்பாவைக் கொண்டுபோய் விட்டால் ஆண்ட்டி வாசலிலேயே "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்பார். இல்லை என்றால் ஒரு ரொட்டியைக் கையில் திணிக்காமல் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போனால் முருங்கைக்கீரையிலிருந்து மல்லிகைப்பூ வரை எல்லாம் கிடைக்கிறது, விலைதான் கேட்கக் கூடாது. குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோவிலில் ஆடிக்கு நல்ல கூட்டம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நர்சம்மா தடுப்பூசி போட வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிட்டும் அத்தான் உன் பிள்ளையை, நம் தம்பியை, அனுப்ப மறுத்துவிட்டார் என்றாய். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி, ஒன்றரை வயதாகியும் வேறெதுவும் போடவில்லை என்றாய். "என் பிள்ளைக்கு என்ன செய்யணும்னு கவர்மெண்ட் யார் சொல்ல?" என்று அவர் கேட்டதையும் சொன்னாய். பிறகு என்னிடம், "அங்கேயெல்லாம் கட்டாயமாமே, போடலைன்னா ஜெயிலா?" என்று கேட்டாய்.

இல்லை அக்கா. மலேசியாவில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும் என்று சட்டம் கிடையாது. ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் வரும் சிங்கப்பூரில் உண்டு. தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் (டிப்தீரியா) அங்கே சட்டப்படியே போட்டாக வேண்டும். இங்கே குடிமக்களின் பிள்ளைகளுக்கு அரசு கிளினிக்கில் இலவசம், ஆனால் முடிவு பெற்றோருடையது. பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸிகள் (இங்கே நர்ஸ்களை அப்படித்தான் சொல்வார்கள்) வந்து போடும்போதும் பெற்றோர் பாரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் ஊசி. அத்தானுக்குப் பிடித்த ஏற்பாடு. பெரும்பாலானவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். போடாத சிலரால் என்ன ஆனது என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2016-இல் மலாக்காவிலும் கெடாவிலும் தொண்டை அடைப்பான் வந்து பிள்ளைகள் இறந்தார்கள். 2019-இல் ஜோகூரில் ஊசி போடாத இரண்டு வயதுக் குழந்தை அதே நோயில் போனது. சிங்கப்பூரைப் பார்த்த கரையில்! அதே வருஷக் கடைசியில் சபாவில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ. 27 வருஷத்துக்கு அப்புறம் வந்த முதல் போலியோ அது. அப்போதெல்லாம் சட்டம் கொண்டுவரலாமா என்று பேச்சு எழும், பிறகு அடங்கிவிடும்.

ஊசியை மறுப்பதை மதத்தின் தலையில் கட்டிவிடுவது எங்கள் ஆபீஸில் சிலருக்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஆண்ட்டி வீட்டில் பிள்ளையை விடுகிறவர்களில் மறுத்தவர்கள் நம்மைப் போலத் தமிழர்கள்தான். இரண்டு பேரும் நன்றாகப் படித்தவர்கள், நல்ல வேலை. பிள்ளைக்கு வெள்ளைச் சர்க்கரைகூடக் கொடுக்க மாட்டார்கள். இயற்கையாக வளர்க்கிறோம் என்பார்கள். அவர்கள் பெண் பாப்பாவோடுதான் பாயில் உருண்டு விளையாடும்.

எங்கேயோ தட்டம்மை பரவுகிறது என்று பேச்சு வந்தது. மறுநாளே ஆண்ட்டி எல்லாரிடமும் பிள்ளைகளின் ஹெல்த் புத்தகத்தைக் கேட்டார். இங்கே ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு ரோஸ் என்று ஒரு புத்தகம் தருவார்கள், ஊசிக் கணக்கெல்லாம் அதில்தான். அந்தப் பெண்ணின் புத்தகத்தில் பக்கம் பக்கமாகக் காலி. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஆண்ட்டி அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க பிள்ளைக்கு நீங்க முடிவு பண்ணுங்க, நான் ஒண்ணும் சொல்லல. என் வீட்டுல கைப்பிள்ளைங்க இருக்கு. இங்க நான்தான் முடிவு பண்ணணும்." அந்த அம்மா அழுதுவிட்டார். பிள்ளைக்கு எதற்குத் தண்டனை என்று கேட்டார். ஆண்ட்டி இறங்கிவரவில்லை. இப்போது அந்தக் குழந்தை பட்டர்வொர்த்தில் பாட்டி வீட்டில் இருக்கிறது.

எனக்கு அன்று நிம்மதியாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. நிம்மதி ஏனென்று அத்தானுக்குப் புரியும்படி சொல்லு. பாப்பாவுக்கு இப்போது ஏழு மாசம். தட்டம்மை ஊசி இங்கேயும் நம் ஊரிலும் ஒன்பது மாசத்தில்தான் தொடங்கும். நான் எவ்வளவு பொறுப்பான தாயாக இருந்தாலும், எவ்வளவு பணம் செலவழிக்கத் தயாராக இருந்தாலும், இந்த ரெண்டு மாசம் அவளைக் காப்பாற்றுவது சுற்றியிருக்கிற பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான். ஒரு தட்டம்மைக்காரரால், எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில், 12-லிருந்து 18 பேர் வரைக்கும் தொற்றும் என்று கணக்கு. இருமிவிட்டு எழுந்து போன பிறகும் ரெண்டு மணி நேரம்வரை அந்த அறைக் காற்றில் கிருமி நிற்கும். அதனால்தான் நூற்றுக்கு 95 பேராவது போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். "என் பிள்ளை, என் உரிமை" என்று அத்தான் சொல்லும்போது, அந்த உரிமைக்கான விலையைத் தம்பி மட்டும் கொடுப்பதில்லை. எதிர்வீட்டில் தொட்டிலில் கிடக்கிற குழந்தையும் கொடுக்கிறது. அதனிடம் யாரும் கேட்கவில்லை.

அதற்காக அத்தான் கேட்பதெல்லாம் முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. மைக்ரோபயாலஜி படித்த திமிர் என்று அவர் என்னைச் சொல்லிவிடக் கூடாது. 1955-இல் ராஜாஜியே காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து எழுதினார். பிற்பாடு நம் செங்கல்பட்டில் வருஷக்கணக்காக நடத்திய பெரிய ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றே தெரிந்தது. கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயைத்தான் அது நன்றாகத் தடுக்கிறது, அதற்காகத்தான் பிறந்தவுடன் போடுகிறார்கள். 2008-இல் திருவள்ளூரில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்ததை நானும் மறக்கவில்லை.

ஆண்ட்டியும் ஒன்று சொன்னார். 1998-இல் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து அதற்கான ஊசியைப் போட்டார்கள், கொசுமருந்து அடித்தார்கள். ஊசி போட்டவர்களும் செத்தார்கள். கடைசியில் பார்த்தால் அது உலகமே அறியாத புதுக் கிருமி, நிப்பா. இந்த நாட்டில் மட்டும் 105 பேர் போனார்கள். "அப்ப இருந்தே எனக்கு டாக்டருங்க மேல முழு நம்பிக்கை இல்ல" என்றார். அந்த ஆண்ட்டிதான் ஊசி போடாத பிள்ளையை வாசலில் நிறுத்தினார். சந்தேகப்படத் தெரிந்தவர், ஆனால் எதைச் சந்தேகப்படுவது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று அத்தான் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். அது 1998-இல் லண்டனில் ஒரு டாக்டர் 12 பிள்ளைகளை வைத்துக் கிளப்பிவிட்ட கதை. வெளியிட்ட பத்திரிகையே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, அவருடைய லைசென்ஸும் போனது. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

கேள்வி கேட்பதுதான் அப்பாவின் பொறுப்பு என்றால், புதன்கிழமை சுகாதார நிலையத்தில் போய்க் கேட்கட்டும். இந்தக் குப்பியை எப்போது கரைத்தீர்கள்? கரைத்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஆன தட்டம்மை மருந்தைப் போடக் கூடாது. புது ஊசிதானா? தம்பிக்கு நேற்று காய்ச்சல் இருந்ததே, போடலாமா? போட்டுவிட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்காரட்டும். ராத்திரி காய்ச்சல் வரலாம், வந்தால் என்ன கொடுப்பது என்று கேட்டுக்கொண்டு வரட்டும். நர்சம்மா முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

சங்கடம் என்று சொன்னேனே, அதையும் எழுதிவிடுகிறேன். ஒருவேளை நாளைக்கே இங்கே கட்டாயச் சட்டம் வந்தால், என் மனசு முழுசாக அதன் பக்கம் போகாது. அந்த இயற்கைக்காரர்கள் வக்கீல் வைத்துக்கொள்வார்கள். மாட்டுவது யார் தெரியுமா? இங்கே நம் ஜனத்திலேயே அப்பா அம்மா கல்யாணத்தைப் பதியாமல், பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வளர்கிற பிள்ளைகள் உண்டு. பல தலைமுறை இந்த மண்ணிலேயே இருந்தும் சிவப்பு ஐ.சி.யோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான அடையாள அட்டை) நிற்கிற கிழவர்கள் உண்டு. குடிமகனாக இல்லாதவர்களுக்கு அரசு கிளினிக்கில் இலவசம் கிடையாது. எங்களுக்கும்தான் இல்லை. ஒவ்வொரு தடவையும் பிரைவேட்டில் காசு கட்டித்தான் போடுகிறோம், பில்லைப் பார்த்தால் இவர் முகம் சுருங்கும். எங்களால் முடிகிறது. கட்டடத்தில் கல் சுமக்கிற ஒருத்தனால் முடியுமா? அபராதத்தை அவனிடமா வசூலிப்பது? முதலில் கேள்வி கேட்காமல் எல்லாப் பிள்ளைக்கும் சும்மா போடட்டும், அப்புறம் கட்டாயத்தைப் பற்றிப் பேசலாம் என்பதுதான் என் கட்சி. இவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். சிங்கப்பூர் மாதிரி போட்டுத்தள்ள வேண்டியதுதானே என்பார். கோவிட் சமயத்தில் ரெண்டு ஊசி போட்ட அடையாளத்தைக் காட்டாதவனை இங்கே கடையில் உட்கார்ந்து சாப்பிடவிடவில்லையாம், அப்போது நாடா மூழ்கிவிட்டது என்று கேட்பார். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இதே சண்டைதான்.

ஆனால் அத்தானுக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லையே! நம் ஊரிலும் கட்டாயம் இல்லை, காசும் இல்லை, நர்சம்மா படியேறி வந்து கூப்பிடுகிறார். யாரும் கையைப் பிடித்து இழுக்காத இடத்தில் அவர் யாரை எதிர்த்து நிற்கிறார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

கடைசியாக, கல்யாண விஷயம். ஆவணியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. அப்போது பாப்பாவுக்கு எட்டு மாசம்தான் முடிந்திருக்கும். தம்பிக்கு விட்டுப்போன ஊசிகளில் தட்டம்மை உட்படப் பலவற்றை இப்போதும் போடலாம், அவற்றுக்கு வயது தாண்டிவிடவில்லை. எது எப்போது என்று நர்சம்மாவே சொல்வார். தட்டம்மை ஊசி வேலை செய்ய ரெண்டு வாரமாவது ஆகும். ஆகவே வருகிற புதன்கிழமையே போட்டுவிட்டால், நான் திருச்சியில் இறங்கி நேராக உன் வீட்டுக்கு வருவேன். போடவில்லை என்றால் மாயவரத்தில் மாமியார் வீட்டில் இறங்கிக்கொள்கிறேன். நீயும் அம்மாவும் அங்கே வந்து பாப்பாவைப் பாருங்கள், தம்பியை மட்டும் கூட்டிவராதே. அவனைத் தனியாக வந்து நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா வருத்தப்படுவாள், ஊரில் பேச்சு வரும், அத்தான் என் மேல் கோபப்படுவார். படட்டும். அவருடைய வீட்டில் அவர் முடிவு செய்வது போல என் பிள்ளைக்கு நான் முடிவு செய்கிறேன்.

அவருக்கு இங்கேயிருந்து என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல். போன தடவை கேட்ட தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை